பாதாளத்துக்கு ஒரு பாதை

மலை யாத்திரை என்றால் நம் மனத்தில் எழும் சித்திரம் ஒன்று உண்டு. விடியற்காலையில் அடிவாரத்திலிருந்து புறப்பட்டு, மூச்சு வாங்க வாங்கப் படி ஏறி, உச்சியில் சற்று இளைப்பாறி, பிறகு பாட்டும் பேச்சுமாக இறங்கி வருவதுதான் அது. கஷ்டம் முன்னே, சுகம் பின்னே என்பது மலைகளின் பொது விதி. இந்த விதியை அடியோடு தலைகீழாக மாற்றி வைத்திருக்கும் இடம் ஒன்று அமெரிக்க ஐக்கிய நாடுகளில், அரிஸோனா ராஜ்யத்தில் இருக்கிறது. கிராண்ட் கான்யன் என்பது அதன் பெயர். கொலராடோ நதி பூமியை அறுத்து உண்டாக்கிய பெரும் பள்ளத்தாக்கு அது. அங்கே பிரயாணி சிகரத்திலிருந்து புறப்படுகிறான். முதலில் இறங்குகிறான், கால் ஓய்ந்து, வெயில் ஏறிய பிறகு ஏறத் தொடங்குகிறான். இறங்குவது அவரவர் இஷ்டம். ஏறித்தான் தீரவேண்டும் என்று அங்கே வழி நெடுகிலும் அறிவிப்புப் பலகைகளில் எச்சரித்திருக்கிறார்கள்.

இந்தப் பள்ளத்தாக்கின் அளவுகளைச் சொன்னால் நேயர்கள் பிரமிப்பார்கள். நீளம் 277 மைல்; அகலம் சில இடங்களில் 18 மைல்; ஆழம் சுமார் ஒரு மைல். ஆனால் விளிம்பிலே போய் நிற்கிறவனுக்கு இந்த எண்கள் ஒன்றுமே நினைவிற்கு வருவதில்லை. பைன் மரக்காட்டின் நடுவே சாதாரணமான சமவெளியில் நடந்துகொண்டிருக்கிறோம். திடீரென்று காலடியில் பூமி முடிந்துவிடுகிறது. எதிரே செம்மையும் மஞ்சளும் ஊதாவுமாகக் கோபுரங்கள், மதில்கள், மண்டபங்கள் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கி நிற்கின்றன. கீழே எங்கேயோ ஒரு நதி இருக்க வேண்டும் என்று புத்தி சொல்லுகிறது. கண்ணுக்கு அது தென்படுவதில்லை.

வருகிறவர்களில் பெரும்பாலோர் இந்த விளிம்பில் நின்று, படம் பிடித்துக்கொண்டு, காப்பி அருந்திவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அவர்களைக் குறை கூறுவதற்கில்லை. எனினும் கோயிலுக்குப் போய்க் கோபுரத்தை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புவது போன்றதுதான் அது. உள்ளே செல்வதற்குப் பாதைகள் இருக்கின்றன. அவற்றுள் பழமையானதும் பெயர் பெற்றதும் பிரைட் ஏஞ்சல் பாதை. அக்டோபர் மாதத்தில் ஒரு நாள் காலை ஆறு மணிக்கு, கம்பளிச் சட்டையின் பொத்தான்களை இறுக்கிப் போட்டுக்கொண்டு, தோளில் தண்ணீர்ப் பையும் உப்பிட்ட கடலையுமாக அந்தப் பாதையில் நாம் இறங்கலானோம்.

"ஒளி மிகுந்த தேவதூதன்" என்று பொருள்படும் இப்பெயர், கீழே நதியில் வந்து கலக்கும் ஒரு சிற்றோடைக்கு முதலில் இடப்பட்டது. 1869-இல் படகுகளில் ஏறி, அதுவரை எவரும் படம் வரைந்திராத இந்த நதியின் வழியே வந்த ஜான் வெஸ்லி பவல் என்பவர் இட்ட பெயர் அது. யுத்தத்தில் வலக் கையை இழந்தவர் அவர். வரும் வழியில் கலங்கிய நீரோடை ஒன்றுக்கு "அழுக்குப் பிசாசு" என்று பெயர் வைத்தவர், பிறகு தெளிந்த ஓடையைக் கண்டதும் அதற்கு ஈடாகத் தேவதூதனின் பெயரைச் சூட்டினாராம். ஓடையின் பெயர் பாதைக்கும் வந்து சேர்ந்தது.

பெயர் பவல் கொடுத்தது. பாதையைக் கொடுத்தது யார்? இந்தக் கேள்வி அன்று காலை முதல் மாலை வரை நம்மோடு கூடவே நடந்து வந்தது.

முதலில் வழி திறந்தது பூமிதான் என்று சொல்ல வேண்டும். கான்யனின் சுவர்கள் பல இடங்களில் கத்தியால் வெட்டியதுபோல் செங்குத்தாக நிற்கின்றன. ஆனால் இந்த இடத்தில், வெகு காலத்துக்கு முன் பூமியில் ஏற்பட்ட ஒரு பெரும் பிளவு பாறை அடுக்குகளை உடைத்து, ஒரு பக்கத்தை மறு பக்கத்தைவிட உயர்த்திவிட்டது. உடைந்த பாறையை மழையும் பனியும் அரித்தன. மதில் இடிந்த இடத்தில் கற்கள் சரிந்து வழி உண்டாவதுபோல், செங்குத்துச் சுவர் இங்கே சரிவாயிற்று. அந்தச் சரிவில் மலையாடுகள் இறங்கின. ஆடுகளுக்குப் பின் மனிதர் இறங்கினர். ஹவாசுபாய் என்ற குடியினர் அவர்கள். நீலப் பச்சை நீரின் மக்கள் என்பது அப்பெயரின் பொருள். குளிர்காலத்தில் மேலே சமவெளியில் வேட்டையாடுவதும், கோடையில் பள்ளத்தாக்கின் ஊற்றுக்கரைகளில் சோளமும் அவரையும் பூசணியும் பயிரிடுவதுமாக அவர்கள் வாழ்க்கை நடந்தது. ஆண்டுதோறும் இறங்கியும் ஏறியும் அவர்களுடைய கால்கள் தேய்த்த தடமே இந்தப் பாதை.

பாதையின் தொடக்கத்தில், விளிம்பைப் பற்றிக்கொண்டு நிற்கும் மரக் கட்டிடம் ஒன்றைக் காணலாம். கோல்ப் சகோதரர்கள் என்ற இரு புகைப்படக்காரர்களின் நிலையம் அது, 1904-இல் தோன்றியது. கோவேறு கழுதைகளின் மேல் ஏறி இறங்கும் பிரயாணிகளை அவர்கள் அந்த இடத்திலிருந்து படம் பிடிப்பார்கள். படத்தைக் கழுவ நல்ல தண்ணீர் வேண்டும். விளிம்பிலோ தண்ணீர் கிடையாது. ரயிலில் கொண்டுவந்தால்தான் உண்டு. ஆகவே தம்பி எமரி கோல்ப், படத்தகடுகளை எடுத்துக்கொண்டு நாலரை மைல் கீழே இருந்த ஊற்றுக்கு ஓடுவார். அங்கே கழுவிப் படம் எடுத்துக்கொண்டு, பிரயாணிகள் திரும்பி வருவதற்குள் மறுபடி மேலே ஓடி வந்து விற்பனைக்குத் தயாராக வைத்திருப்பார். மூவாயிரம் அடி இறக்கம், மூவாயிரம் அடி ஏற்றம்! கூட வந்த நண்பர் ஒருவர், தம் காலணியின் கயிற்றை மூன்றாம் தடவையாக முடிந்துகொண்டே இந்தக் கதையைக் கேட்டார். கேட்டு முடித்ததும் எழுந்து ஒன்றும் பேசாமல் நடந்தார்.

சிறிது தூரத்தில் பாறையைக் குடைந்த சுரங்க வாயில் ஒன்று வருகிறது. அதைக் கடந்ததும் நின்று தலை நிமிர்ந்து மேலே பார்க்க வேண்டும். பாறை முகட்டின் கீழே, காவி நிறத்தில், மான் போன்ற மிருகங்களும் வேறு சின்னங்களும் தீட்டப்பட்டிருக்கின்றன. பழங்காலத்து மக்கள் எழுதி வைத்தவை அவை. வேகமாக இறங்குகிறவர்கள் அவற்றைக் காணாமலே போய்விடுகிறார்கள். பாதையின் முதல் கேள்விக்குப் பதில் அங்கே எழுதியிருக்கிறது என்று நமக்குத் தோன்றியது.

இறங்க இறங்க, காலத்திலும் நாம் பின்னோக்கிச் செல்கிறோம். விளிம்பில் உள்ள வெண்மையான சுண்ணாம்புக்கல் சுமார் 27 கோடி வருஷங்களுக்கு முன் கடலடியில் படிந்தது. அதன் கீழே வெளிர் மஞ்சள் மதிலாக நிற்கும் மணற்கல், அதற்கும் முன் இங்கே பாலைவனம் இருந்ததற்குச் சாட்சி. காற்று குவித்த மணல் மேடுகளின் சாய்வுக் கோடுகள் இன்றும் அந்தக் கல்லில் அப்படியே தெரிகின்றன. பாலைவனத்தில் நடந்துகொண்டே மற்றொரு பாலைவனத்தைத் தொட்டுப் பார்ப்பது விந்தையான அநுபவம். இன்னும் கீழே செந்நிறக் களிப்பாறையும் மணற்கல்லும் அடுக்கடுக்காக வருகின்றன. மேலிருந்து உருண்டு பாதையோரத்தில் கிடந்த ஒரு பாறையில் 2016-இல் சில கால் சுவடுகளைக் கண்டார்கள். ஆராய்ந்ததில், ஏறக்குறைய 31 கோடி வருஷங்களுக்கு முன் ஈர மணலில் நடந்துபோன ஒரு சிறு பிராணியின் சுவடுகள் என்று தெரிந்தது. எத்தனையோ லட்சம் பேர் அந்தக் கல்லைக் கடந்து நடந்திருக்கிறார்கள்!

ஒன்றரை மைலில் ஓர் இளைப்பாறும் மண்டபம். மூன்று மைலில் இன்னொன்று. கல்லால் கட்டிய எளிய கூரைகள் அவை. கோடைப் பருவத்தில் இங்கே குழாயில் தண்ணீர் வரும். இந்தத் தண்ணீர் வருகிற விதம் தனிக் கதை. பள்ளத்தாக்கின் வடபுறத்தில் பாறையைப் பிளந்துகொண்டு கொட்டும் பெரிய ஊற்றிலிருந்து நீரைப் பன்னிரண்டரை மைல் குழாயில் இறக்கி, நதியைக் கடக்கச் செய்து, தென்புறச் சரிவில் மேலே ஏற்றிக் கொடுக்கிறார்கள். 1970-இல் முடிந்த அந்தக் குழாய் அடிக்கடி உடைந்து தொல்லை கொடுத்ததால், அதை மாற்றும் பெரிய வேலையை 2023-இல் தொடங்கினார்கள். விளிம்பிலுள்ள விடுதிகளில் குளிக்கிற நீரும் குடிக்கிற காப்பியும் பள்ளத்தாக்கின் எதிர்க்கரையிலிருந்து வந்தவைதான்.

மண்டபங்களில் பாறை அணில்கள் நிறைய உண்டு. நம் அணிலைவிட உடல் பெருத்தவை. அடக்கத்தில் அதற்கு எதிர்மறை. பையைக் கீழே வைத்துவிட்டுத் திரும்புவதற்குள் அதன் வாயைத் திறந்து கடலையைச் சோதனை செய்துவிடும். அவற்றுக்கு உணவு கொடுப்பது சட்டப்படி குற்றம். கொடுக்காமலே எடுத்துக்கொண்டால் குற்றம் யாருடையது என்று நண்பர் கேட்டார்.

அதற்குள் எதிரே மணியோசையும் குளம்போசையும் கேட்டன. கோவேறு கழுதைகள் வரிசையாக வந்தன. அவற்றுக்கு வழிவிட்டு, ஓட்டுகிறவர் சொல்லும் இடத்தில், பேசாமல் அசையாமல் நிற்க வேண்டும் என்பது பாதையின் மரியாதை. பெரும்பாலும் மலைப் பக்கமாகத்தான் ஒதுங்கச் சொல்லுகிறார்கள். கழுதைகள் பாதையின் வெளி விளிம்பிலேயே காலை வைத்து, பாதாளத்தை அலட்சியமாகப் பார்த்துக்கொண்டு சென்றன. மேலே உட்கார்ந்திருந்தவர்களின் முகத்தில் அந்த அலட்சியம் இல்லை.

இந்தப் பாதைக்கு ஒரு காலத்தில் சுங்கம் வாங்கினார்கள். 1890, 91-இல் ரால்ப் காமரான் என்பவரும் அவருடைய கூட்டாளிகளும், சுரங்கத் தொழிலுக்காக, ஹவாசுபாய்களின் தடத்தை வெட்டி அகலப்படுத்தினார்கள். தாமிரத்தைவிடப் பிரயாணிகளிடம் அதிகம் கிடைக்கும் என்பதைக் காமரான் விரைவில் கண்டுகொண்டார். 1901-இல் ரயில் வந்தது, கூட்டம் வந்தது. பாதை தம்முடையது என்று கூறி, குதிரையிலோ கழுதையிலோ இறங்குகிறவர் ஒவ்வொருவரிடமும் ஒரு டாலர் வசூலித்தார். பாதையின் தலைப்பிலும் கீழே ஊற்றங்கரையிலும் சுரங்க உரிமை என்ற பெயரில் நிலத்தையும் பிடித்து வைத்துக்கொண்டார். ரயில் கம்பெனி அவரோடு போராடி அலுத்து, மேற்கே வேறொரு பாதையே போட்டுக்கொண்டது. 1919-இல் கான்யன் தேசீய வனமாயிற்று. 1920-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் காமரானின் சுரங்க உரிமை செல்லாது என்று தீர்ப்புச் சொன்னது. அவரோ மறு வருஷம் அமெரிக்க மேல் சபையில் அங்கத்தினராகவே போய் அமர்ந்துவிட்டார்! கடைசியில் 1928-இல்தான் பாதை வன நிர்வாகத்தின் கைக்கு வந்தது. அன்று முதல் இந்தப் பாதையில் நடக்க எவருக்கும் சுங்கம் இல்லை.

1928 என்ற வருஷத்தை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம்.

மூன்றாம் மைலுக்குப் பின் செம்மதில் என்று பெயர் பெற்ற பெரும் சுண்ணாம்புப் பாறை குறுக்கிடுகிறது. வயது 34 கோடி வருஷம். உண்மையில் இதன் நிறம் சாம்பல். மேலேயுள்ள செம்பாறைகளிலிருந்து மழைநீர் கொண்டுவந்த இரும்புத் துரு இதன் மேல் வழிந்து சாயம் ஏற்றிவிட்டது. வேறிடங்களில் எறும்பும் ஏற முடியாத செங்குத்துச் சுவர் இது. இங்கே மட்டும் பிளவின் உபகாரத்தால் உடைந்திருக்கிறது. அந்த உடைப்பில் பாதை பாம்புபோல் வளைந்து வளைந்து இறங்குகிறது. கம்பளிச் சட்டை பைக்குள் போயிற்று. மேலே பைன் மரம். இங்கே கள்ளியும் கற்றாழை போன்ற முட்செடிகளும். விளிம்புக்கும் அடிக்கும் 20 முதல் 30 டிகிரி வரை உஷ்ண வித்தியாசம் உண்டு. ஆனி, ஆடி மாதங்களில் அடிப்பகுதியில் நிழலிலேயே 100 டிகிரிக்கு மேல் காய்கிறது. சில நாட்களில் 115-ஐயும் தாண்டும்.

நாலரை மைல் முடிந்ததும் கண் நம்ப மறுக்கும் காட்சி ஒன்று வருகிறது. காய்ந்த பாறை வெளியின் நடுவே உயர்ந்த மரங்கள். மரங்களின் கீழே ஓடும் நீர். காட்டன்வுட் என்ற அம்மரத்தின் இலை, நம் அரச மரத்து இலையைப்போல, காற்றே இல்லாதபோதும் காம்பில் நின்று சலசலத்துக்கொண்டிருக்கிறது. எமரி கோல்ப் ஓடி வந்தது இந்த ஊற்றுக்குத்தான். காமரான் பிடித்து வைத்திருந்தது இந்த நிலத்தைத்தான். ஹவாசுபாய்கள் சோளம் விதைத்ததும் இங்கேதான்.

வெகு காலம் இந்த இடத்துக்கு "இந்தியன் கார்டன்" என்று பெயர் இருந்தது. இந்தியர் தோட்டம் என்றதும் நம்மவருக்கு உள்ளம் சற்றுத் துள்ளும். ஆனால் அந்த இந்தியர் நாமல்ல. 1492-இல் கொலம்பஸ், தாம் வந்து சேர்ந்தது நம் நாடென்று எண்ணிக் கொடுத்த பெயர், அந்தக் கண்டத்தின் பழங்குடிகள் எல்லோர்மேலும் ஒட்டிக்கொண்டுவிட்டது. தவறான பெயரையாவது தோட்டத்துக்கு விட்டுவைத்தவர்கள், தோட்டக்காரரை விட்டுவைக்கவில்லை. 1882-இல் சர்க்கார் ஹவாசுபாய்களுக்கென்று ஒதுக்கிய நிலம், மேற்கே ஒரு பக்கப் பள்ளத்தாக்கில் 518 ஏக்கர் மட்டுமே. அவர்கள் வேட்டையாடித் திரிந்த சமவெளியும் இந்த ஊற்றங்கரையும் கணக்கில் சேரவில்லை. தேசீய வனம் ஏற்பட்டதும், வனத்துக்குள் எவரும் பயிரிடவும் குடியிருக்கவும் கூடாதென்று நெருக்கினார்கள். ஒவ்வொரு குடும்பமாக வெளியேறிற்று. கடைசியாக எஞ்சியிருந்த காப்டன் பர்ரோ என்ற முதியவரைப் பலவந்தமாக வெளியேற்றினார்கள். அந்த வருஷம் 1928.

அதே வருஷத்தில் கீழே கொலராடோ நதியின் குறுக்கே ஒரு தொங்கு பாலம் கட்டி முடித்தார்கள். பாலத்தைத் தாங்கும் இரும்பு வடங்கள் ஒவ்வொன்றும் 550 அடி நீளம். ஒரு டன்னுக்கு மேல் எடை. இவ்வளவு நீண்ட வடத்தைக் கழுதைகள் வளைவுப் பாதையில் கொண்டுபோக முடியாது. ஆகவே 42 பேர் வரிசையாக நின்று, ஒரே வடத்தைத் தோளில் சுமந்து, ஒரே பாம்பைப்போல் நெளிந்து நெளிந்து மலையிறங்கினார்கள். அவர்களில் பெரும்பாலோர் ஹவாசுபாய்கள். பாலம் இன்றும் உறுதியாக நிற்கிறது. கோவேறு கழுதைகள் அதன் மேல்தான் நதியைக் கடக்கின்றன.

ஆகவே ஒரே வருஷத்தில் மூன்று காரியங்கள். பாதை எல்லோருக்கும் இலவசமாயிற்று. பாலம் எல்லோருக்கும் கிடைத்தது. பாதையைத் தேய்த்து, பாலத்தைச் சுமந்தவர்களுக்கு மட்டும் தோட்டத்தில் இடம் இல்லாது போயிற்று. வனத்தைக் காக்கவேண்டும் என்று எண்ணியவர்கள் கொடியவர்களல்ல. காமரானைப்போன்றவர்களின் கையிலிருந்து கான்யனை மீட்டவர்களும் அவர்களே. ஆனால் காட்டை ஆளில்லாத காடாகக் காண விரும்பிய அவர்கள் கண்ணுக்கு, அதில் ஆதியிலிருந்து வாழ்ந்தவர்கள் படத்தில் விழுந்த கறையாகத் தோன்றினார்கள். நல்ல எண்ணம் செய்த அநீதி என்று இதைச் சொல்லலாம். அடிமைப்பட்டிருந்த தேசத்தில் பிறந்தவர்களுக்கு இந்த வகை அநீதி புதிதல்ல; காட்டைக் காப்பதாகச் சொல்லிக் காட்டு மக்களை வெளியே நிறுத்திய சட்டங்களை நம் நாடும் கண்டிருக்கிறது.

தோட்டத்திலிருந்து ஒன்றரை மைல், ஏறக்குறைய மட்டமான வழி. அது பீடபூமியின் நுனியில் ஒரு பாறையில் போய் முடிகிறது. பிளாட்டோ பாயிண்ட் என்று பெயர். இங்கேதான் முதல் தடவையாக நதியின் முழு உருவம் கண்ணில் படுகிறது. இன்னும் 1,300 அடி கீழே, கரும்பாறைகளின் இடுக்கில், அது ஓடிக்கொண்டிருந்தது. ஸ்பானிய மொழியில் செந்நிறமானது என்று பொருள்படும் பெயரைத் தாங்கிய நதி, நாம் பார்த்தபோது பச்சையாக இருந்தது. 1963-இல் மேலே அணை கட்டியதிலிருந்து செம்மண் அணைக்குள் தங்கிவிடுகிறது; பெருமழை பெய்து பக்க ஓடைகள் புரண்டு வந்தால் ஒழிய நதிக்குப் பழைய நிறம் கிடைப்பதில்லை. ஐம்பது அறுபது லட்சம் வருஷங்களாக இந்தப் பெரும் பள்ளத்தைத் தோண்டிய நதி இதுவா என்று கேட்கத் தோன்றும். காதைத் தீட்டிக்கொண்டால் அதன் இரைச்சல் மெல்லியதாக மேலே வருகிறது.

நாம் நின்ற மணற்கல்லுக்கு வயது சுமார் 50 கோடி வருஷம். அதை ஒட்டினாற்போல் கீழே ஆரம்பிக்கும் கரும்பாறைக்கு வயது சுமார் 175 கோடி. நடுவே நூறு கோடி வருஷங்களுக்கு மேற்பட்ட சரித்திரம் இங்கே காணோம். பழஞ்சுவடியில் கட்டு அவிழ்ந்து நடு ஏடுகள் உதிர்ந்துபோனால், முன்னும் பின்னும் உள்ள ஏடுகள் ஒட்டிக்கொண்டு கிடக்குமல்லவா? அப்படித்தான்.

இந்தக் கரும்பாறைக்குப் பூகர்ப்ப சாஸ்திரிகள் வைத்திருக்கும் பெயர் என்ன தெரியுமா? விஷ்ணு! நதிக்கு அப்பால் எழுந்து நிற்கும் சிகரங்களுக்குப் பிரம்மா கோயில், சிவன் கோயில், புத்தர் கோயில் என்று பெயர்கள். கிழக்கே விஷ்ணு கோயிலும், ராமர், கிருஷ்ணர் பெயரில் சந்நிதிகளும் உண்டு. கிளாரன்ஸ் டட்டன் என்ற ராணுவக் காப்டன், பூகர்ப்ப ஆராய்ச்சிக்காக வந்து, 1882-இல் இந்தப் பிரதேசத்தைப் பற்றிப் பெரிய நூல் ஒன்றை வெளியிட்டார். கீழை நாட்டுக் கோபுரங்களை நினைவூட்டும் இந்த உருவங்களுக்குக் கீழை நாட்டுத் தெய்வங்களின் பெயரே பொருந்தும் என்று அவர் கருதினார். பின்வந்தவர்களும் அந்த வழியைப் பின்பற்றினார்கள்.

பத்தாயிரம் மைலுக்கு அப்பால், பாலைவனத்தின் நடுவே, நம் தெய்வங்களின் பெயரைப் படத்தில் வாசிக்கும்போது ஏற்படும் மகிழ்ச்சியை மறைப்பானேன்? நண்பர் ஒருவர் பிரம்மா கோயிலை நோக்கிக் கைகூப்பினார். பிரம்மாவுக்குக் கோயில் அபூர்வம்; இங்கே இவ்வளவு பெரிதாக ஒன்று கிடைத்திருக்கிறது என்றார். ஆனால் மகிழ்ச்சிக்குப் பின்னே ஒரு நெருடலும் இருந்தது. நம்மில் ஒருவரும் கண்டிராத காலத்தில், ஒருவரும் கேளாமலே, விஷ்ணுவுக்கும் சிவனுக்கும் இங்கே சிகரங்கள் கிடைத்துவிட்டன. இங்கேயே பிறந்து, இங்கேயே பயிரிட்டு, இங்கேயே இறந்தவர்களுக்கோ, தங்கள் தோட்டத்தின்மேல் தங்கள் பெயரைப் பார்க்க 2022 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த வருஷம் நவம்பர் மாதத்தில்தான், அக்குடியினரின் வேண்டுகோளின்படி, ஊர்ப்பெயர்களை நிர்ணயிக்கும் அமெரிக்க சர்க்கார் சபை ஒருமனதாக இந்தியன் கார்டன் என்பதை நீக்கி, ஹவாசுபாய் கார்டன்ஸ் என்ற பெயரை ஏற்றது.

பெயரை மாற்றினால் போதுமா என்று சிலர் கேட்கக்கூடும். போதாதுதான். ஆனால் அவர்கள் பெயரோடு நின்றவர்கள் அல்லர். பல தலைமுறை விடாமல் வழக்காடி, 1975-இல் மேற்கே தங்கள் பழைய சமவெளியில் 1,85,000 ஏக்கரைச் சட்டப்படி திரும்பப் பெற்றார்கள். ஐந்நூற்றுப் பதினெட்டு ஏக்கருக்குள் அடைத்தும் அழிந்துபோகாத ஒரு சிறிய சமூகம் செய்த காரியம் இது. ஊற்றங்கரை அதில் சேரவில்லை. அது இன்றும் தேசீய வனத்தின் பகுதியே. ஆனாலும் தண்ணீர் குடிக்க வரும் ஒவ்வொருவனும் இப்போது அவர்கள் பெயரைச் சொல்லித்தான் அவ்விடத்தைக் குறிப்பிட வேண்டும். பெயரைச் சொன்னவன், யார் அவர்கள் என்று கேட்பான். அங்கிருந்துதான் நியாயம் தொடங்க வேண்டும்.

பதினொன்றரை மணிக்கு ஏறத் தொடங்கினோம். மூவாயிரம் அடி ஏற்றம் தலைக்கு மேலே சுவராக நின்றது. ஏறுவதற்கு, இறங்கியதைப்போல் இரண்டு மடங்கு நேரம் என்பது பாதையின் கணக்கு, கணக்கு தவறவில்லை. பத்து நிமிஷம் நடை, ஒரு வாய்த் தண்ணீர். அரை மணி நடை, கொஞ்சம் உப்பிட்ட கடலை. முதல் மண்டபத்தில் பேச்சு இருந்தது. இரண்டாம் மண்டபத்தில் இல்லை. கால்கள் மட்டும் தம் பாட்டில் அடுத்த வளைவைத் தேடின. வடத்தைச் சுமந்த 42 பேரும் வேலை முடிந்து வெறுந்தோளோடு மேலே ஏறிய மாலையை அந்த மௌனத்தில் எண்ணிக்கொண்டோம்.

கடைசி வளைவுகளில் வானத்தில் ஒரு பெரிய நிழல் கடந்தது. காண்டர் என்னும் கழுகு. இறக்கை விரித்தால் ஒன்பதரை அடி அகலம். 1982-இல் உலகம் முழுவதிலும் இருபத்திரண்டே பறவைகள் எஞ்சியிருந்தன. பிடித்து வளர்த்துப் பெருக்கி, 1996 முதல் இந்தப் பிரதேசத்தில் மீண்டும் பறக்க விட்டார்கள். இறக்கையில் எண் எழுதிய சீட்டோடு அது சிறகசையாமல் மிதந்து, சுவர் ஓரமாகத் திரும்பி மறைந்தது. துரத்தப்பட்டவை திரும்பி வருவதும் இங்கே நடக்கிறது.

நேயர்களில் எவருக்கேனும் இந்தப் பாதையில் நடக்கும் வாய்ப்புக் கிட்டினால் சில வார்த்தைகள் சொல்லி முடிக்கிறோம். கோடையைத் தவிருங்கள், தவிர்க்க முடியாவிட்டால் காலை பத்து மணி முதல் மாலை நாலு மணி வரை வெயிலில் நடக்காதீர்கள். வெறும் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டே போவதும் ஆபத்து. உப்புள்ள பண்டமும் வேண்டும். நதி வரை போய் ஒரே நாளில் திரும்பும் வீரம் வேண்டாம். அந்த வீரத்தினால் ஆண்டுதோறும் பலரைத் தூக்கிக்கொண்டு வரவேண்டியிருக்கிறது. கழுதைகளுக்கு வழிவிடுங்கள். முதல் சுரங்க வாயிலைக் கடந்ததும் தலை நிமிர்ந்து பாறையைப் பாருங்கள். காட்டன்வுட் மர நிழலில் உட்கார்ந்து தண்ணீர் குடிக்கும்போது, இது எந்த இடம் என்று உங்கள் குழந்தை கேட்டால், ஹவாசுபாய்களின் தோட்டம் என்று சொல்லுங்கள்.